புகை எங்கே போகிறது?

போகிப் பண்டிகையன்று விடியற்காலையில் சென்னை நகரத்தில் வாசற்கதவைத் திறப்பவர்களுக்கு, எதிர்வீடு இருக்கிறதா, அல்லது இரவோடு இரவாக யாரேனும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்களா என்ற சந்தேகம் உண்டாவது வழக்கம். பழைய பாயும், கிழிந்த முறமும், காலொடிந்த நாற்காலியும் தெருவுக்குத் தெரு எரிந்து, அவற்றின் ஆவிகள் ஊர் முழுவதும் உலாவிக்கொண்டிருக்கும். 2018-ஆம் வருஷத்துப் போகியன்று பனியும் புகையும் ஒன்றாகச் சேர்ந்து மூடிக்கொண்டதில், சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்கவும் முடியாமல், ஏறவும் முடியாமல் தவித்தன. கடலையும் மலையையும் அலட்சியமாகத் தாண்டி வரும் யந்திரத்தை ஓர் ஓலைப் பாய் நிறுத்தி வைத்துவிட்டது என்றால் சாமானிய விஷயமா?

இதில் கவனிக்கத்தக்க சங்கதி ஒன்று உண்டு. அதே பாயையும் அதே முறத்தையும் சித்திரை மாதத்து நடுப்பகலில் கொளுத்தினால் அண்டை வீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். புகை குபுகுபுவென்று மேலே கிளம்பிப் போய்விடும். மார்கழிக் கடைசியில், சூரியோதயத்துக்கு முன்னால் கொளுத்தினால் மட்டும் அது போக மறுத்துத் தெருவிலேயே தங்கிவிடுகிறது. எரிகிற பொருள் ஒன்றுதான், நெருப்பும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் காற்றில் இருக்கிறது.

சாதாரணமாகப் பகலில் சூரியன் பூமியைச் சுட வைக்கிறான். பூமி தன்னை ஒட்டிய காற்றைச் சுட வைக்கிறது. சுட்ட காற்று இலேசாகி மேலே போகும்போது, அதன் தோளில் ஏறிக்கொண்டு புகையும் போகிறது. மேகமும் காற்றோட்டமும் இல்லாத குளிர்கால இரவில் நடப்பது இதற்கு நேர்மாறு. பூமி தன் உஷ்ணத்தையெல்லாம் ஆகாயத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்து போகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது. மேலே இருக்கும் காற்றோ இன்னும் வெதுவெதுப்பு மாறாமல் இருக்கிறது. கனமானது கீழே, இலேசானது மேலே என்று ஆகிவிட்டபின் இரண்டும் கலப்பதற்கு வழி ஏது? ஊரின்மேல் ஒரு தட்டைப் போட்டு மூடியதற்குச் சமானந்தான். கூரையிலிருந்து புறப்படும் புகை சிறிது தூரம் எழும்புகிறது, தட்டில் முட்டுகிறது, பிறகு பக்கவாட்டில் படர்ந்து, ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே திரும்பி வருகிறது. நமது வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்பதில்லை. அதற்கு எல்லா வீடும் ஒன்றுதான்.

நமக்குப் போகி வருஷத்தில் ஒரு நாள். குளிர்காலம் முழுவதும் ஒவ்வோர் இரவும் போகி கொண்டாடும் ஊர்கள் உலகத்தில் இருக்கின்றன. பண்டிகைக்காக அல்ல, குளிருக்காக. அவற்றில் ஒன்றின் கதையை இந்த வாரம் சொல்ல விரும்புகிறோம். அந்த ஊர் தன் புகையை அளந்து பார்த்தது, பிறகு குறைத்தது, குறைத்தபின் தன் மரணக் கணக்கையும் புரட்டிப் பார்த்தது. இந்த மூன்று காரியங்களையும் செய்து முடித்த ஊர்கள் அதிகமில்லை.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா என்னும் தீவு இருக்கிறது. அதன் வட பாகத்தில், வட எஸ்க், தென் எஸ்க் என்ற இரண்டு ஆறுகள் ஒன்றுகூடி, தாமார் என்ற பெயருடன் கடலை நோக்கிப் புறப்படும் இடத்தில் லான்செஸ்டன் நகரம் அமைந்திருக்கிறது. சுற்றிலும் மேட்டுநிலம், நடுவே பள்ளத்தாக்கு, கீழே ஆறு. சித்திரக்காரர்கள் விரும்பும் இடம். புகையும் விரும்பும் இடம். பூகோளத்தின் தென் பாதியாகையால் அங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்கள்தான் குளிர்காலம். அந்த இரவுகளில் மேட்டு நிலத்துக் குளிர்ந்த காற்று, வாய்க்கால் தண்ணீரைப்போல வழிந்து வந்து பள்ளத்தில் தேங்குகிறது. மேலே சொன்ன தட்டு அங்கே இரவு தவறாமல் தயாராகிவிடும் என்றே சொல்லலாம்.

அந்தத் தீவில் மரத்துக்குப் பஞ்சமில்லை, விறகும் மலிவு. ஆகவே 1990-களில் ஊரிலுள்ள 100 வீடுகளில் 66 வீடுகள் விறகை எரித்துத்தான் குளிர்காய்ந்தன. நம் ஊர் அடுப்பைப் போன்றதல்ல அது. கூடத்தில் ஒரு மூலையில் இரும்பினால் செய்த கணப்பு. அதற்குக் கண்ணாடிக் கதவு. கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் புகைபோக்கி. கணப்பின் அடியில் காற்று நுழைவதற்கு ஒரு துவாரமும், அதை வேண்டிய மட்டும் திறக்கவும் சாத்தவும் ஒரு பிடியும் உண்டு. இந்தப் பிடியில்தான் வினை இருக்கிறது.

இரவு படுக்கப்போகும் சமயத்தில் வீட்டு எஜமானர் இரண்டு பெரிய கட்டைகளை உள்ளே தள்ளி, பிடியைத் திருகித் துவாரத்தைச் சாத்திவிடுவார். கட்டை விடியும்வரையில் மெல்ல மெல்லக் கனிந்துகொண்டிருக்கும், காலையில் வீடு கதகதப்பாக இருக்கும், விறகும் மிச்சம். குடித்தனக்காரர் எவருக்கும் இதில் குற்றம் தோன்றாது. ஆனால் போதிய காற்றுக் கிடைக்காத விறகு எரிவதில்லை, வேகிறது. வெந்த கட்டையிலிருந்து கிளம்பும் ஆவியும் தாரும் தீப்பிடித்து எரிந்து போவதற்குப் பதிலாக, அப்படியே புகைபோக்கி வழியாக வெளியேறுகின்றன. புகை என்பது வேறொன்றுமில்லை. எரியாமல் தப்பித்துக்கொண்ட விறகுதான். ஈர விறகிலும் இதே கதை. அடுப்பின் உஷ்ணமெல்லாம் முதலில் தண்ணீரைக் காய்ச்சுவதிலேயே செலவழிந்துவிடுகிறது. மீதி இருக்கும் அரைகுறை நெருப்பு எதையும் முழுதாக எரிப்பதில்லை. ஊதாங்குழலை வாயில் வைத்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற நமது பாட்டிமார்கள் இந்த ரசாயன சாஸ்திரத்தைப் பரீட்சை எழுதாமலே அறிந்திருந்தார்கள்.

இவ்வாறு ஓர் ஊரில் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவான வீடுகள், ஒரே நேரத்தில், மூடிபோட்ட பள்ளத்துக்குள் கட்டைகளை வேக வைத்தால் என்ன ஆகும்? குளிர்காலத்தில் ஒரு கன மீட்டர் காற்றில், 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள் தினசரி சராசரியாக 44 மைக்ரோகிராம் இருந்தன. பெரிய தொழிற்சாலைப் பட்டணங்களின் கணக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பிரமாதமாகத் தோன்றாது. ஆனால் விறகுப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை 10 மைக்ரான் அல்ல, 2.5 மைக்ரானுக்கும் கீழ்ப்பட்டவை; அதாவது தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குக்கும் குறைந்தவை. மூக்கின் ரோமத்துக்கும் தொண்டைக் கோழைக்கும் அகப்படாமல் அவை நுரையீரலின் கடைசி அறை வரையில் போகின்றன. மிகவும் நுண்ணியவை அங்கிருந்து ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. புகை பிடித்தால் இருமல் வரும் என்று நாம் எல்லோரும் அறிவோம். புகையினால் இருதயம் நின்றுபோகும் என்பது அவ்வளவு சுலபமாக நம் மனத்தில் ஏறுவதில்லை. காரணத்தையும் காரியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாமல் அவை எங்கோ தூரத்தில் சந்திக்கின்றன.

2001-ஆம் வருஷத்தில் ஆஸ்திரேலிய சர்க்கார் ஒரு காரியம் செய்தார்கள். "இனிமேல் விறகு எரிக்கக் கூடாது" என்று தண்டோராப் போட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. விறகுக் கணப்பை எடுத்துவிட்டு மின்சாரக் கணப்பு வைத்துக்கொள்ள இஷ்டப்படும் குடும்பங்களுக்குப் பண உதவி செய்தார்கள். 2004 வரையில் நடந்த அந்தத் திட்டத்துக்கு ஆன செலவு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்று அதிகம். ஒரு நல்ல பாலம் கட்டுவதற்குப் போதாத தொகை. கூடவே, கட்டையை எப்படி எரித்தால் புகை குறையும் என்றும் ஊராருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 66 வீடு 30 வீடாகக் குறைந்தது. 44 மைக்ரோகிராம் 27 ஆக இறங்கிற்று.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நம்மைப் பெரிதும் கவர்கிறது. டாஸ்மேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ஃபே ஜான்ஸ்டனும் அவருடைய சகாக்களும், 1994 முதல் 2007 வரையில் லான்செஸ்டனில் நிகழ்ந்த மரணங்களின் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கணப்புகள் மாறுவதற்கு முந்திய காலம் ஒரு தட்டில், பிந்திய காலம் இன்னொரு தட்டில். காலம் மாற மாற எங்குமே வைத்தியம் விருத்தியாகிறது. புகையிலைப் பழக்கம் குறைகிறது. அதனால் கணக்குத் தவறாகப் போய்விடலாம் அல்லவா? ஆகையால் அதே தீவில் இருக்கும் தலைநகரமான ஹோபார்ட்டின் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். ஹோபார்ட்டில் இத்தகைய கணப்பு மாற்றம் எதுவும் நடைபெறவில்லை.

முடிவு 2013-இல் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் வெளிவந்தது. ஊர் ஜனங்கள் அனைவரையும் ஒன்றாகச் சேர்த்து வருஷம் முழுவதற்கும் பார்த்தபோது மரணம் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று சொல்லும்படியான சிறிய குறைவு. ஆண்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது விஷயம் தெளிவாகத் தெரிந்தது. வருஷாந்தர மரணம் 11.4 சதவிகிதம் குறைந்திருந்தது. அதிலும் இருதய வியாதி, ரத்தக் குழாய் வியாதிகளால் நேர்ந்த மரணம் 17.9 சதவிகிதமும், சுவாச வியாதிகளால் நேர்ந்தது 22.8 சதவிகிதமும் குறைந்திருந்தன. குளிர்கால மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஆண் பெண் இருபாலாரையும் சேர்த்துப் பார்த்தால், இருதய வியாதி மரணம் 19.6 சதவிகிதமும் சுவாச வியாதி மரணம் 27.9 சதவிகிதமும் இறங்கியிருந்தன. இவை சந்தேகத்தின் எல்லைக்கோட்டில் நிற்கும் கணக்குகள் என்று ஆராய்ச்சியாளர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஹோபார்ட்டில் இப்படிப்பட்ட மாறுதல் காணப்படவில்லை.

ஏறக்குறைய 67,000 ஜனங்கள் வசித்த ஒரு சிறிய ஊரின் கணக்கு இது. ஒரே ஊரை வைத்துக்கொண்டு உலகத்துக்கெல்லாம் தீர்ப்புக் கூறுவது உசிதமல்ல. இருந்தபோதிலும், எந்த வியாதி குறையவேண்டும் என்று வைத்திய சாஸ்திரம் சொல்லிற்றோ அந்த வியாதியும், எந்த மாதத்தில் குறையவேண்டுமோ அந்த மாதமும் கணக்கில் தலைகாட்டுகின்றன. வருஷக் கணக்காக ஊரார், "வயதாகிவிட்டது, குளிர் தாங்கவில்லை, போய்விட்டார்" என்று சொல்லி மயானத்துக்குக் கொண்டுபோன மனிதர்களில் சிலர், குளிரினால் போகவில்லை. குளிருக்காகப் பக்கத்து வீட்டார் மூட்டிய நெருப்பினால் போனார்கள். சொல்வதற்கே சங்கடமாக இருக்கிறது. மூட்டியவர் நல்லவர், தம் குழந்தைகள் நடுங்கக் கூடாதே என்று மூட்டினார். போனவரும் நல்லவர், அவர் வீட்டிலும் ஒரு புகைபோக்கி இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். டாஸ்மேனியாவின் மின்சாரத்தில் பெரும் பகுதி அணைக்கட்டுகளின் நீர்வீழ்ச்சியிலிருந்து உற்பத்தியாவது. ஆகவே விறகுக் கணப்பு போய் மின்சாரக் கணப்பு வந்தபோது, புகை வேறோர் ஊருக்குக் குடிமாறிப் போகவில்லை. எல்லாத் தேசத்துக்கும் இந்தப் பாக்கியம் வாய்த்திருக்கவில்லை.

அமெரிக்காவில் மான்டானா மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே லிபி என்று ஒரு சின்னஞ்சிறிய ஊர் இருக்கிறது. சுரங்கத்திலிருந்து வந்த கல்நார்த் தூசியினால் ஏற்கெனவே நுரையீரல் கெட்டுப் பிரசித்தி அடைந்த துரதிருஷ்டம் பிடித்த ஊர். குளிர்காலத்தில் அங்கே காற்றிலிருந்த நுண்துகள்களில் மிகப் பெரும் பகுதி விறகு அடுப்பிலிருந்தே வந்தது. 2005 முதல் 2007 வரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பழைய அடுப்புகளை அப்புறப்படுத்தினார்கள். அவற்றின் ஸ்தானத்தில் பெரும்பாலும் புதிய மாதிரி விறகு அடுப்புகளையே வைத்தார்கள். ஊரின் காற்று ஓரளவு தெளிந்தது. குழந்தைகளுக்கு மூச்சில் 'வீஸிங்' என்கிற இரைப்பு வருவதும் குறைந்ததாகப் பெற்றோர்கள் தெரிவித்தார்கள். விறகை அடியோடு விடமுடியாத இடத்திலும் ஏதாவது செய்யலாம் என்பதற்கு லிபியைச் சாட்சியாகக் காட்டலாம். ஆனால் அதை ஒரு பெரிய வெற்றியாகப் பறைசாற்றுகிறவர்களுடன் நாம் சேர மாட்டோம். இங்கிலாந்தின் தலைமை வைத்திய அதிகாரி 2022-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. மிகவும் நவீனமான, சட்டப்படி முத்திரை பெற்ற விறகு அடுப்புகூட, அதே அளவு உஷ்ணத்தைத் தரும் காஸ் கணப்பைக் காட்டிலும் 450 மடங்கு நுண்துகள்களை வெளியிடுகிறதாம். முத்திரை அடுப்பில் இருக்கிறது, புகையில் இல்லை.

இங்கிலாந்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அங்கே நடக்கும் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1952-ஆம் வருஷம் டிசம்பர் 5 முதல் 9 வரையில் லண்டன் நகரத்தை நிலக்கரிப் புகைமூட்டம் பிடித்துக்கொண்டது. அதில் இறந்தவர்கள் 4,000 பேர் என்று முதலில் கணக்கிட்டார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள் 12,000 வரையில் இருக்கலாம் என்றார்கள். அதன் பலனாக 1956-இல் சுத்தக் காற்றுச் சட்டம் பிறந்தது. வீட்டுக்கு வீடு கரியடுப்பு ஒழிந்து, காஸும் மின்சாரமும் வந்தன. இவ்வளவு கஷ்டப்பட்டுப் புகையை ஓட்டிய தேசத்தில், சமீப காலத்தில் விறகுக் கணப்பு மறுபடியும் வந்து நடுக்கூடத்தில் கொலுவீற்றிருக்கிறது. குளிருக்காக அல்ல, வீடு முழுவதும் வேறு கணப்பு இருக்கிறது. அழகுக்காக! எரிகிற கட்டையைப் பார்த்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் அமர்ந்திருப்பது ஒரு நாகரிகம் ஆகிவிட்டது. 2021 மே மாதம் முதல் சிறு கட்டுகளில் ஈர விறகு விற்பதை இங்கிலாந்தில் தடை செய்திருக்கிறார்கள். விறகில் ஈரம் 20 சதவிகிதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். உலர்ந்த விறகு ஈர விறகைவிட மேல் என்பதில் எவருக்கும் ஆக்ஷேபணை இருக்க முடியாது.

விறகு எரிப்பவர்கள் இரண்டு ஜாதி என்று இதிலிருந்து தெரிகிறது. வேறு ஒன்றும் இல்லாததால் எரிப்பவர் ஒருவர். மற்றதெல்லாம் இருந்தும் எரிப்பவர் இன்னொருவர். காற்றுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் சட்டம் செய்பவர்களுக்குத் தெரியவேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். இரண்டு பேருக்கும் ஒரே அபராதம் என்று விதித்தால், முன்னவர் குளிரில் நடுங்குவார். பின்னவர் அபராதத்தைக் கட்டிவிட்டுச் சாய்வு நாற்காலிக்குத் திரும்பிப் போவார். லான்செஸ்டன் வழியில் முதலில் பணத்தைக் கையில் கொடுத்து, பிறகு கட்டையைக் கீழே வைக்கச் சொன்னார்கள். வரிசை அப்படித்தான் இருக்கவேண்டும்.

நம் தேசத்துக்கு வருவோம். இங்கே விறகு என்றால் கணப்பு அல்ல, சமையல். சமையல் என்றால் பெண்மக்கள். கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1981-இல் குஜராத்துக் கிராமங்களில், அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்து பார்த்தார். சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் துகள்கள்! மில்லி என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். லான்செஸ்டன் ஊரைக் கவலைக்குள்ளாக்கிய அளவைப்போல் நூற்றைம்பது மடங்குக்கும் மேல். தொழிற்சாலையில் இந்த நிலைமை இருந்தால் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்வார்கள். அடுப்பங்கரையில் வேலைநிறுத்தம் செய்ய முடியுமா?

இந்த அநியாயம் நம் பெரியோர்களுடைய கண்ணுக்குப் படாமல் இல்லை. வார்தாவில் மகன்வாடியிலிருந்த கிராமக் கைத்தொழில் ஸ்தாபனத்தில் 'மகன் சூலா' என்ற புகையில்லா அடுப்பு உருவாயிற்று. ஹைதராபாத்தில் எஞ்சினீயர் எஸ். பி. ராஜு ஓர் அடுப்பு அமைத்து, கோடிக்கணக்கான ஜனங்களுக்குப் புகையில்லாத சமையலறை வேண்டும் என்று ஒரு சிறு புஸ்தகமே எழுதினார். அது 1953-இல் சென்னையில் அச்சாயிற்று. இவற்றின் தத்துவம் எளிது: அடுப்பை மூடிக் கட்டி, புகையைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே அனுப்பிவிடுவது. பிற்காலத்தில் சர்க்காரும் லட்சக்கணக்கில் இம்மாதிரி அடுப்புகளைக் கட்டிக் கொடுத்தார்கள். அவற்றின் கதியை அறிய விரும்புகிறவர்கள் ஒடிஸ்ஸாவைப் பார்க்கலாம். எஸ்தர் டுஃப்லோவும் வேறு இரு பொருளாதார நிபுணர்களும் அங்கே நாலு வருஷம் கூடவே இருந்து கவனித்தார்கள். முதல் வருஷம் புகை குறைந்தது. பிறகு குழாய் அடைத்துக்கொண்டது, மண் வெடித்தது, செப்பனிட யாரும் இல்லை, பழைய மூன்று கல் அடுப்பே கதி என்றாயிற்று.

ஒருவேளை அந்தக் குழாய்களெல்லாம் அடைபடாமல் இருந்திருந்தால்? அடுப்பின் முன்னால் இருக்கும் பெண்மணிக்கு அது பெரிய விமோசனந்தான். அதைக் குறைத்துச் சொல்லுவது பாவம். ஆனால் கங்கைச் சமவெளியில், வடக்கே இமயமலை மதில்போல் நிற்க, மார்கழி தை மாதங்களில் காற்று அசையாமல் படுத்திருக்க, லட்சோபலட்சம் கூரைகளிலிருந்து மாலை நேரத்தில் ஒருமிக்கப் புறப்படும் புகை எங்கே போகும்? லான்செஸ்டனில் போன இடத்துக்குத்தான். பம்பாய் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து தயாரித்து, ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற ஸ்தாபனம் 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2015-ஆம் வருஷத்தில் இந்தியாவின் வெளிக்காற்றிலுள்ள நுண்துகள்களால் நேர்ந்த மரணங்களுக்குத் தனிப்பெரும் காரணம் மோட்டாரும் அல்ல, ஆலையும் அல்ல. வீடுகளில் எரியும் விறகும் வறட்டியுந்தான். மரணங்கள் 2,67,700. இது வீட்டுக்கு வெளியே உள்ள கணக்கு மட்டும். டில்லியில் கார்த்திகை மாதம் புகை சூழ்ந்தால் வயலில் வைக்கோலைக் கொளுத்தும் குடியானவனைப் பிடித்துக்கொள்கிறோம். அவனிடமும் குற்றம் உண்டு. ஆனால் அறுவடைத் தாள் சில வாரம் எரிகிறது. அடுப்பு வருஷம் முழுவதும் எரிகிறது.

2016 மே 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் பாலியா என்னும் ஊரில் உஜ்வலா திட்டம் ஆரம்பமாயிற்று. இதுவரையில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு காஸ் இணைப்பு கிடைத்திருக்கிறது. வெறும் வார்த்தைகளால் பாராட்டிவிட்டுப் போகக்கூடிய காரியம் அல்ல. எனினும், முதல் சிலிண்டர் வீட்டுக்கு வருவது ஒரு விஷயம். இரண்டாவது சிலிண்டர் வருவது வேறு விஷயம். 14.2 கிலோ காஸுக்கு ஒரே தடவையில் ரொக்கமாகப் பணம் எடுத்து வைக்கவேண்டும். சுள்ளியோ, பெண்கள் காலையில் நடந்துபோய்ப் பொறுக்கி வந்தால் இனாம். அவர்களுடைய நடைக்கும் முதுகுவலிக்கும் யாரும் விலை போடுவதில்லை. ஆகையால் காஸ் அடுப்பில் காபி தயாராகிறது; பருப்பும் வெந்நீரும் விறகு அடுப்பில் கொதிக்கின்றன. வடக்கே மட்டும் என்று எண்ணவேண்டாம். நம் பக்கத்துக் கிராமங்களிலும் சமையலறையில் காஸ் இருந்தாலும், கொல்லைப்புறத்தில் குளிப்பதற்குத் தண்ணீர் காய்வது தென்னை மட்டையிலும் கொட்டாங்கச்சியிலுந்தானே? பாரதப் பாஞ்சாலிக்கு ஐவர் போல், நம் வீட்டு வெந்நீர்த் தவலைக்கு விறகு, மட்டை, பாளை, பன்னாடை, கொட்டாங்கச்சி என்று ஐந்து நாயகர்கள்.

மற்றொரு நெருப்பும் இருக்கிறது. டில்லிக் குளிரில் பெரிய மனிதர்களின் மாளிகைகளுக்கு வெளியே, இரும்புக் கதவின் ஓரத்தில், இரவு முழுவதும் காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான். உடைந்த பெட்டிப் பலகை, காய்ந்த சருகு, சில சமயம் பழைய டயர், எது அகப்படுகிறதோ அதைக் கொளுத்திக் கையைக் காட்டிக்கொள்கிறான். உள்ளே காற்றைச் சுத்தம் செய்யும் யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த யந்திரம் வடிகட்டுகிற தூசியில் அவன் மூட்டிய நெருப்பும் கொஞ்சம் இருக்கும். டில்லிப் பிரதேசத்தின் காற்றைக் கவனிப்பதற்காக ஏற்பட்டிருக்கும் கமிஷன், குளிர்கால விதிகளில் இதைப் பற்றியும் சொல்லியிருக்கிறது: குடியிருப்பவர்களின் சங்கங்கள் தங்கள் காவல்காரர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் மின்சாரக் கணப்பு வாங்கிக் கொடுக்கவேண்டும், வெளியில் நெருப்பு மூட்ட அவர்களுக்கு அவசியம் நேரக்கூடாது. நாம் படித்த காற்றுச் சட்டங்களுக்குள் மனிதனை மனிதனாகப் பார்த்து எழுதிய வாக்கியம் இது என்று தோன்றிற்று.

வட இந்தியாவில் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிறதே, அது மட்டும் புகை இல்லையா என்று கேட்கலாம். புகைதான். ஆனால் உயர்ந்த கோபுரத்திலிருந்து தூரத்தில் வெளிப்படும், வடிகட்டுவதற்கு வசதியுள்ள புகைக்கும், ஆள் உயரத்தில் மூக்கின் எதிரில் எரியும் டயருக்கும் நிரம்ப வித்தியாசம் இருக்கிறது. சங்கத்தின் காரியதரிசிகள் கவனிக்கவேண்டியது வேறொன்று. கணப்பை வாங்குவதற்கு முன்னால், கதவோரத்துக் காவல் கூண்டில் அதைச் செருகுவதற்கு ஒரு பிளக் இருக்கிறதா, அந்த மின்சாரக் கட்டணம் யார் கணக்கில் எழுதப்படும் என்ற இரண்டையும் கார்த்திகை பிறப்பதற்குள் தீர்மானித்துக்கொள்வது நல்லது.